சுருட்டுக்கு எந்த பீர்? சுங்கை சிப்புட் வாசலில் ஒரு மாதப் பரிசோதனை

மச்சான் கோலாலம்பூரிலிருந்து போன் செய்தான். வேலையிடத்தில் யாரோ கொடுத்த மூன்று சுருட்டு கையில் இருக்கிறதாம், அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை மலேசியாவின் பேராக்கில் இருக்கிற எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டுக்கு வருகிறானாம், "என்ன பீர் வாங்கி வைக்கப் போறீங்க, நல்லா யோசிச்சு வாங்குங்க" என்றான். கடையில் முதலில் கண்ணில் படுகிற லாகரை, அதாவது வெளிர் மஞ்சள் பீரை, ஒரு கேஸ் தூக்கிவந்து ஐஸ் பெட்டியில் அடுக்கினால் வேலை முடிந்தது. ஆனால் போன வருடம் அப்படித்தான் செய்தோம். இரண்டு பேருக்கும் சுருட்டும் பிடிக்கவில்லை, பீரும் பிடிக்கவில்லை. நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) பக்கம் வருகிற ஒரு சுருட்டைப் பாதியில் அணைத்துச் செடித்தொட்டியில் குத்திவிட்டு அவன் எழுந்து போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால் இந்தத் தடவை ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். வாரம் ஒன்றிரண்டு சுருட்டு, வாரம் ஒரு வகை பீர், அதே வாசல், அதே பிளாஸ்டிக் நாற்காலி. என் கணக்கு இங்கே இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுருட்டு என்றால் கோட்டு போட்ட பணக்காரர்களின் சமாச்சாரம் என்று நம் ஆட்களே நினைக்கிறார்கள். ஆங்கிலத்தில் 'செரூட்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அது நம் 'சுருட்டு'தான், கடல் கடந்து போய் நாக்கு மாறியிருக்கிறது. திருச்சியிலும் திண்டுக்கல்லிலும் சுருட்டி வெள்ளைக்காரனுக்கு ஏற்றுமதி செய்த ஆட்கள் நாம். சரி, பீரோடு சேர்வது மட்டும் புதிதா? தோட்டத்து எல்லையில் நிற்கும் முனியாண்டிக்குப் படையல் போடும் நாளில் போய்ப் பாருங்கள். வாழையிலையில் கோழிக்கறி, அவித்த முட்டை, எலுமிச்சம்பழம், பக்கத்தில் பற்றவைத்த சுருட்டு, அதற்கும் பக்கத்தில் ஒரு பாட்டில். பாட்டிலில் சாராயமும் இருக்கும், கறுப்பு பீரும் இருக்கும். நான் ஒரு மாதம் செலவழித்துக் கண்டுபிடித்ததை முனியாண்டி எப்போதோ முடிவு செய்துவிட்டார் என்று மாமா கிண்டல் செய்கிறார். அது முழுக்கத் தப்பும் இல்லை.

எதை எதோடு சேர்ப்பது என்று தேடினால் எல்லாரும் சுவையைத்தான் பேசுகிறார்கள். இதில் காப்பி வாசம், அதில் கொக்கோ வாசம், இரண்டும் பொருந்தும் என்று. அதெல்லாம் ஏசி போட்ட அறையில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சரி. செம்பனைக்கு நடுவே இருக்கிற ஊரில், சாயங்காலம் ஆறு மணிக்கும் 30 டிகிரி அடிக்கிற வாசலில், முதல் கேள்வி வேறு: அந்த பீர் எத்தனை நேரம் தாங்கும்? ஒரு ரொபஸ்டோ, அதாவது 5 அங்குல நீளமும் 50 ரிங் கேஜ் தடிமனும் உள்ள சுருட்டு, நிதானமாக இழுத்தால் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் எரியும். (ரிங் கேஜ் என்பது ஒரு அங்குலத்தை 64 பங்காக்கி எண்ணுவது, 50 என்றால் கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர்.) ஐஸ் பெட்டியிலிருந்து 4 டிகிரியில் எடுத்த பீரைக் கிளாசில் ஊற்றி, சமையலறையில் இருக்கும் தெர்மோமீட்டரை விட்டுப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் 15-ஐத் தொட்டுவிட்டது. சுருட்டு அப்போதுதான் பாதிக்கு வந்து, உள்ளே எண்ணெய் சூடேறி, நல்ல சுவை காட்ட ஆரம்பிக்கிறது. பீரோ அதற்குள் மோட்சம் போய்விடுகிறது. சேர்மானம் அங்கேதான் பிய்ந்துபோகிறது, போன வருடம் எங்களுக்கு நடந்ததும் அதுதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

மச்சான் கையில் இருப்பவை மூன்று வகை. ஒன்று கனெக்டிகட் மேலிலை போட்டது. வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பு, பார்த்தாலே சாது. அந்த இலையை அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் துணிப் பந்தல் கட்டி நிழலில் வளர்ப்பார்கள், அதே விதையை எக்வடோரில் மேக மூட்டமே பந்தலாக இருக்கும் இடத்திலும் வளர்க்கிறார்கள். வெண்ணெய், காய்ந்த புல், கொஞ்சம் முந்திரி, அவ்வளவுதான் அதன் சத்தம். இரண்டாவது கியூபா, மொன்டெக்ரிஸ்டோ நம்பர் 4, 129 மில்லிமீட்டர் நீளம், 42 ரிங் கேஜ், அரை மணிக்கு மேல் கொஞ்சம் எரியும், நடுத்தரக் காரம். அமெரிக்கக்காரனுக்கு 1962 தடைக்குப் பிறகு கியூபா சுருட்டு கடையில் கிடைப்பதில்லை, நமக்கு அந்தத் தொல்லை இல்லை, விலைதான் தொல்லை. மூன்றாவது நிகராகுவா மடுரோ, கிட்டத்தட்டக் கறுப்பு. மடுரோ என்றால் மேலிலையைக் கூடுதல் நாள் கூடுதல் சூட்டில் புழுங்க விட்டது, அதனால்தான் அந்த நிறம், அந்த இனிப்பு. கறுப்பாக இருந்தாலே காரம் என்று நினைக்காதீர்கள், காரம் உள்ளே வைக்கும் இலையைப் பொறுத்தது, செடியின் உச்சியில் வெயில் வாங்கிய லிகேரோ இலை எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இப்போது பீருக்கு வருவோம்.

லாகரில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லாரும் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள். டைகர், கார்ல்ஸ்பெர்க், ஆங்கர், ஹைனகன், எதை எடுத்தாலும் நம் ஊர் எந்தச் சீனர் கடையிலும் கிடைக்கும், நடந்தே போய் வாங்கலாம். லாகரின் பலம் அதன் வாயு. நுரைத்து நாக்கில் குத்தி, படிந்திருக்கும் புகைப் பிசுக்கைக் கழுவிவிடுகிறது, அடுத்த இழுப்பு முதல் இழுப்பு போல இருக்கிறது. கனெக்டிகட் சுருட்டின் முதல் கால் மணி நேரத்துக்கு இதைவிட நல்ல துணை கிடையாது என்றே சொல்வேன். அதற்கப்புறம் பீர் சூடேறி, வாயு போய், ஒரு ஈரத் தகர வாசம் மேலே வரும். இதற்கு நம் ஆட்கள் கண்ட வைத்தியம் கிளாசில் ஐஸ் கட்டி போடுவது. நானும் போடுகிறவன்தான், வெட்கம் இல்லை. ஆனால் சுருட்டோடு போடாதீர்கள். ஐஸ் நாக்கை மரத்துப்போக வைக்கும், மரத்த நாக்குக்கு நூறு வெள்ளிச் சுருட்டும் ஒன்றுதான், படையலுக்கு வாங்கும் சுருட்டும் ஒன்றுதான். மடுரோவோடு லாகர் என்றால் பேச்சே வேண்டாம், சுருட்டு பீரைத் தின்றுவிடும், வாயில் சோடாத் தண்ணீர் குடித்த உணர்வுதான் மிஞ்சும்.

ஒரே வழி, சிறிய டின். 320 மில்லி டின்னை ஒன்று முடிந்தபின் ஒன்று என்று திறப்பது. பெரிய பாட்டிலை வாசலில் வைத்துக்கொண்டு சுருட்டு பிடிப்பவன் கடைசிக் கிளாசை வாழை மரத்துக்கு ஊற்றப்போகிறவன்.

அடுத்தது கோதுமை பீர். ஜெர்மன்காரனின் எர்டிங்கர் மாதிரி வாழைப்பழமும் கிராம்பும் வாசமடிக்கிற வகை ஒன்று, ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் போட்ட ஹூகார்டன் வகை ஒன்று, 1664 பிளாங் இந்த இரண்டாவது வழியில் வருகிறது. எங்கள் ஊரில் எப்போதும் கிடைக்காது, ஈப்போவுக்குப் போனால் பெரிய கடைகளில் கிடைக்கும், அரை மணி நேர ஓட்டம். இதை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன், ஒப்புக்கொள்கிறேன். பெண்கள் குடிக்கிற பீர் என்று நண்பர்கள் கேலி பேசுவார்கள், அவர்கள் பேசட்டும். கனெக்டிகட்டோடு எர்டிங்கர் சேர்ந்தபோது அந்த முந்திரி வாசமும் பீரின் வாழைப்பழ வாசமும் கலந்து, அத்தை சுடுகிற வாழைப்பழப் பணியாரம் ஞாபகம் வந்தது, நிஜமாகத்தான் சொல்கிறேன். இது 10 டிகிரிக்கு மேல் போனாலும் கெட்டுப்போகவில்லை, ஆனால் 18, 20-க்குப் போனதும் கனத்துவிட்டது. நாற்பது நிமிடம் தாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சுத் தோல் வகையோ சுருட்டோடு அவ்வளவாக ஒட்டவில்லை, இனிப்பும் புளிப்புமாக ஒரு பக்கம் நிற்கிறது, புகை மறுபக்கம் நிற்கிறது, பேசிக்கொள்ளாத மாமியார் மருமகள் மாதிரி. மொன்டெக்ரிஸ்டோவோடு எதுவும் சரிப்படவில்லை.

இனி கறுப்பு பீர். கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டிய இடம் இது.

நம் ஊரில் கின்னஸ் என்றால் பாட்டிலிலும் டின்னிலும் வருகிற ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட். அயர்லாந்தில் பப்பில் ஊற்றித் தருகிற வழுவழுப்பான கின்னஸ் வேறு, இது வேறு. இதன் வேர் 1801-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பக் காய்ச்சிய போர்ட்டர் என்ற கறுப்பு பீரில் இருக்கிறது. மாதக்கணக்கில் கப்பலில், வெப்ப நாட்டுக் கடலில் போய்ச் சேர வேண்டுமே என்று ஹாப்ஸையும் (பீருக்குக் கசப்பு தரும் பூ) சாராயச் சத்தையும் கூட்டிக் காய்ச்சினார்கள். அதாவது இது சூட்டைத் தாங்கவே பிறந்த பீர். என் வாசலுக்காகவே காய்ச்சியது மாதிரி இருக்கிறதா இல்லையா? கறுப்பு நிறம் வறுத்த பார்லியிலிருந்து வருகிறது. நம் காப்பிக்கடைக்காரர் காப்பிக்கொட்டையை வறுக்கிறாரே, அதே வேலைதான், அதே கசப்பு, அதே கருகல் வாசம். சுருட்டுப் புகையிலும் புழுங்கிய இலையின் அதே கருகல் இனிப்பு இருக்கிறது. இரண்டும் ஒரே ஊர்க்காரர்கள், சந்தித்ததும் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

மூன்றாவது வாரம் மடுரோவைப் பற்றவைத்துக் கின்னஸைத் திறந்தேன். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்ததும் திறக்கவில்லை, கால் மணி நேரம் மேசையில் வைத்திருந்து 10, 11 டிகிரிக்கு வந்தபின் திறந்தேன், இது முக்கியம், ரொம்பக் குளிராக இருந்தால் ஸ்டவுட்டில் கசப்பு மட்டும்தான் தெரியும். முதல் வாய் பீர், பிறகு ஒரு இழுப்பு, புகையை விழுங்காமல் வாயில் உருட்டி, அதில் கொஞ்சத்தை மூக்கு வழியாக விட்டேன். மிளகு வாசம் மூக்கில் ஏறியது. அடுத்த வாய் பீரில் கசப்பு காணாமல் போய் கொக்கோ இனிப்பு வந்தது. எங்கிருந்து வந்தது என்று டின்னைத் திருப்பிப் பார்த்தேன், முட்டாள் மாதிரி. அரை மணி ஆனது, பீர் 16 டிகிரி, இன்னும் நன்றாக இருக்கிறது. முக்கால் மணி, பீர் 20-க்கு மேல், சுருட்டு கடைசி மூன்றில் ஒரு பங்குக்கு வந்து காரம் ஏறி நிற்கிறது, பீர் கனத்துச் சர்க்கரைப் பாகு போல அந்தக் காரத்தைத் தாங்குகிறது. சுருட்டும் பீரும் சேர்ந்தாற்போல் முடிந்த ஒரே இரவு அதுதான். பக்கத்து வீட்டு ரேடியோவில் பத்து மணிச் செய்தி வாசிக்க ஆரம்பித்தபோதுதான் நேரமே தெரிந்தது.

மொன்டெக்ரிஸ்டோவோடும் ஒரு நாள் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பீர் கொஞ்சம் முரட்டுத்தனம் காட்டியது. கியூபாக்காரனிடம் ஒரு மண் வாசம், ஒரு மெல்லிய இனிப்பு இருக்கிறது, வறுத்த பார்லி அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அதற்குக் கோனர்ஸ் மாதிரி மென்மையான ஸ்டவுட் மேல். பாரில் குழாயிலிருந்து நைட்ரஜனோடு பாலாடை போல நுரைத்து ஊற்றுவதுதான் உண்மையில் இந்தச் சுருட்டுக்குப் பொருத்தம், ஆனால் சாப்பாடு பரிமாறுகிற இடத்துக்குள் சுருட்டு பிடிக்க முடியாது, அதைப் பிறகு சொல்கிறேன். டின்னில் கிடைத்தால் வாங்கிக் கிளாசில் உயரத்திலிருந்து ஊற்றி நுரை கட்ட விட்டுக் குடியுங்கள். கனெக்டிகட்டுக்கு எந்த ஸ்டவுட்டும் வேண்டாம். புடவை கட்டிய பெண்ணைக் கபடி ஆட விட்ட மாதிரி ஆகிவிடும்.

ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல், ஹாப்ஸ் தூக்கலாகப் போட்ட பீர். சுருக்கமாகச் சொன்னால் வேண்டாம். ஹாப்ஸின் கசப்பும் புகையிலையின் கசப்பும் சேர்ந்தால் பாகற்காயைப் பச்சையாக மென்றபின் மருந்து குடித்த வாய்தான். கிராஃப்ட் பீர் பிரியர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும், என் நாக்கு இது.

பெல்ஜியம் துறவி மடத்து பீர், சிமே நீலம் மாதிரி 9 விழுக்காடு சாராயச் சத்து உள்ளவை, மடுரோவோடு ஸ்டவுட்டையே தோற்கடிக்கும் என்று சொல்லக்கூடியவை. உலர்ந்த திராட்சை, அத்திப்பழம், வெல்லப்பாகு. ஒரு தடவை கோலாலம்பூரில் நண்பன் வீட்டில் குடித்திருக்கிறேன், மறக்கவில்லை. சூடேற ஏற இது இன்னும் நன்றாகத்தான் ஆகிறது, ஆகவே என் நேரக் கணக்கிலும் பாஸ். ஆனால் ஒரு சிறிய பாட்டிலுக்கு நான்கைந்து டின் ஸ்டவுட்டின் விலை, அதற்காக ஊரை விட்டு வேறு போக வேண்டும். 2025 நவம்பர் முதல் தேதியிலிருந்து மதுவரி வேறு 10 விழுக்காடு ஏறிவிட்டது. வருடத்தில் ஒரு நாள், யாராவது பட்டதாரியானால், வீடு குடிபுகுந்தால், அப்படி ஒரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். சாதாரண சனிக்கிழமைக்கு இல்லை.

கள்ளைப் பற்றி மாமா கேட்டார், கேட்காமல் இருப்பாரா. தோட்டத்தில் கள்ளுக்கடை நடந்த காலத்தில் சம்பள நாளில் சுருட்டும் கள்ளும்தான் என்று கதை சொல்லுவார். சரி என்று பக்கத்துத் தோட்டத்திலிருந்து காலையில் இறக்கிய தென்னங்கள்ளை மதியம் வாங்கிவந்து சாயங்காலம் உட்கார்ந்தோம். அதற்குள் புளித்துவிட்டது. கள்ளு மணிக்கு மணி மாறுகிற சாமான், காலையில் இளநீர், சாயங்காலம் காடி. அந்தப் புளிப்பு சுருட்டில் பட்டதும் வாயில் காசைச் சப்பிய உலோகச் சுவை வந்தது. மாமாவோ பூஜைக் கடையில் வாங்கிய, இரண்டு முனையும் திறந்த காரச் சுருட்டோடு அதைக் குடித்து, "அருமை" என்றார். அந்தச் சுருட்டின் காரத்துக்கு எதைக் குடித்தாலும் அருமைதான். என் கணக்கில் கள்ளு தேர்வாகவில்லை, மாமா கணக்கில் முதல் பரிசு, பதிந்து வைக்கிறேன்.

சாப்பாடு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் பக்கம் கறுப்பு பீர் என்றால் தட்டில் காட்டுப்பன்றிப் பெரட்டல் வந்துவிடும், மிளகும் மிளகாயும் கறிவேப்பிலையும் போட்டு எண்ணெய் பிரிய வதக்கியது. சுருட்டு பற்றவைப்பதற்கு அரை மணி நேரம் முன்பே அதை முடித்துவிடுங்கள். மிளகாய் எரியும் நாக்கில் எந்தச் சுருட்டும் சாம்பல்தான். சுருட்டோடு கொறிக்க வறுத்த கடலை போதும், உப்பு குறைவாக.

ஆனால் வெறும் வயிற்றில் மட்டும் வேண்டாம். இரண்டாவது வாரம் வேலை முடிந்து பசியாறாமல் நேராக வாசலில் உட்கார்ந்து, காரமான ஒரு நிகராகுவாவை அவசரமாக இழுத்து இரண்டு டின் குடித்தேன். பாதியில் நெற்றியெல்லாம் குளிர்ந்த வேர்வை, தலை சுற்றல், வாயில் எச்சில் ஊறி நிற்கிறது. பீர் ஏறிவிட்டது என்று நினைத்தேன், இல்லை, நிகோடின். சிகரெட் மாதிரி நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது, வாய்த் தோல் வழியாகவே நிகோடின் இறங்கிவிடும். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டின் புகையிலை இருக்கும். அத்தை பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் சர்க்கரை தூக்கலாக ஒரு தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தார், கால் மணி நேரத்தில் சரியானது. புகையிலையும் மதுவும் தனித்தனியாகவே வாய், தொண்டைப் புற்றுநோயைக் கொண்டுவருபவை, இரண்டும் சேர்ந்தால் ஆபத்து கூட்டலாக இல்லை, பெருக்கலாக ஏறுகிறது. இதைத் தெரிந்துகொண்டேதான் மாதத்துக்கு இரண்டு என்று எனக்கு நானே கோடு போட்டிருக்கிறேன், பரிசோதனைக்காக இந்த மாதம் அந்தக் கோட்டைத் தாண்டியது தப்புத்தான். பழக்கம் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம்.

சுருட்டை எங்கே வைப்பது என்பதும் இந்தத் தேர்வில் ஒரு பகுதி, ஏனென்றால் ஈரம் ஏறிய சுருட்டை எந்த பீரும் காப்பாற்றாது. வெளிநாட்டுக்காரர்கள் ஈரப்பதம் ஏற்றப் பெட்டி வாங்குகிறார்கள், நமக்குத் தலைகீழ். சுருட்டுக்கு 65-லிருந்து 70 விழுக்காடு ஈரம் போதும், நம் காற்றில் 80-க்கு மேல் சாதாரணமாக நிற்கிறது. ஆரம்பத்தில் ஐந்து சுருட்டைச் சும்மா அலமாரியில் வைத்தேன், மூன்று வாரத்தில் வெள்ளைப் பூசணம். இப்போது மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, உள்ளே 65 என்று போட்ட ஈரப்பதப் பொட்டலம் ஒன்று, அது கூடினால் உறிஞ்சும், குறைந்தால் விடும். பூச்சி இன்னொரு தலைவலி, புகையிலை வண்டு, சூடு ஏறினால் முட்டை பொரித்துச் சுருட்டில் குண்டூசி ஓட்டை போட்டுவிடும், நம் வீடுகள் முழு வருடமும் அந்தச் சூட்டில்தான் இருக்கின்றன. ஆகவே பெட்டிப் பெட்டியாக வாங்கிச் சேர்க்காதீர்கள். அந்த மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள்.

சட்டமும் ஒன்று இரண்டு. 2019 ஜனவரி முதல் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கத் தடை, கடையிலிருந்து 3 மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும், ஒரு மணி நேரச் சுருட்டை ரோட்டோரம் நின்றுகொண்டே பிடிப்பதில் என்ன இருக்கிறது. ஆக வீட்டு வாசல்தான், அதுவும் பக்கத்து வீட்டில் துணி காயவில்லை என்று பார்த்துக்கொண்டு. குடித்துவிட்டு வண்டி எடுக்கிற பேச்சே கூடாது. 2020 அக்டோபரிலிருந்து 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம்தான் எல்லை, முன்பு 80 இருந்தது. முதல் தடவை பிடிபட்டாலே பத்தாயிரத்திலிருந்து முப்பதாயிரம் வெள்ளி வரை அபராதம், சிறையும் உண்டு. மச்சான் ரயிலில் வருகிறான், ஸ்டேஷனிலிருந்து நானே ஏற்றிக்கொள்கிறேன், குடிப்பதற்கு முன்னால்.

அப்புறம் என்ன முடிவு? நேற்று அவனுக்கு அனுப்பிய செய்தி இதுதான். கனெக்டிகட்டை முதலில், வெளிச்சம் இருக்கும்போதே பிடிப்போம், அதற்கு ஈப்போவிலிருந்து எர்டிங்கர் இரண்டு வாங்கி வைக்கிறேன், கிடைக்கவில்லை என்றால் சிறிய டின்னில் லாகர், ஐஸ் கிடையாது, கேட்கவும் கூடாது. மொன்டெக்ரிஸ்டோவை இந்தத் தடவை தொட வேண்டாம், ஒரே நாளில் மூன்று சுருட்டு பிடிக்கிற வயது நமக்கு இல்லை, என் டப்பாவில் போட்டுவிட்டுப் போ. ராத்திரி சாப்பிட்டு முடித்து அரை மணி கழித்து மடுரோ, அதைப் பாதியாக வெட்டி ஆளுக்கு ஒரு துண்டு. ரசிகர்கள் அடிக்க வருவார்கள் என்று தெரியும், ஆனால் இரண்டாவது சுருட்டு அல்லவா. அதோடு ஆளுக்கு ஒரு டின் கின்னஸ், கால் மணி நேரம் வெளியே வைத்தது.

உடனே பதில் வந்தது: "சரி. மாமா வருவாரா?" வருவார். கட்டரை எடுத்துக்கொண்டு வா என்று எழுதினேன், போன தடவை கட்டரைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் மாமா நூறு வெள்ளிச் சுருட்டின் முனையைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டார்.